அத்தான் காருக்கு வந்த மூன்று படங்கள்

சேரன்மகாதேவிப் பக்கம் வாழை போட்டிருக்கும் எங்க அத்தானிடம் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் இருக்கிறது. டி.என். 72 பதிவு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதைக் கருநீலமாக்கிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக அவருக்கு ஆசை. பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் முன் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரே போட்டோவை மூன்று இடத்தில் கொடுத்து மூன்று படம் வாங்கினார். ஒன்று செல்போனில் இருக்கும் ஏ.ஐ. செயலி தந்தது. இன்னொன்று வினைல் ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் தந்தது. மூன்றாவது, ஜங்ஷன் பக்கம் ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணும் ஒரு தம்பி செய்தது. மூன்றையும் எனக்கு அனுப்பிவிட்டு, "இதுல எது மாப்ள நம்ம வண்டி?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சினிமாவை, நாவலை, கல்யாண சாப்பாட்டைக்கூட விமர்சனம் பண்ணுகிறோம். இந்த மாதிரிப் படங்களை யாரும் பண்ணுவதில்லை. ஆனால் ஒரு மோசமான சினிமாவால் போவது டிக்கெட் காசு மட்டும்தான். இந்தப் படத்தை நம்பி அத்தான் செலவழிக்கப் போவது ஒரு போக வாழையில் கையில் நிற்கிற காசில் பெரும்பங்கு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: மாற்றச் சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் அந்தப் படம் அப்படியே விட்டிருக்கிறதா?

முதலில் அசல் போட்டோவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு முன்னால் எடுத்தது. உச்சி வெயில். ஒரு பக்கம் தென்னை, எதிரே வாழைத்தோப்பு. பின்பக்க இடது கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு, எப்போதோ ஒரு மினி லாரி உரசியது. டிக்கி விளிம்பில் வாழைக்கறை. சக்கரத்துக்கு மேலே செம்மண் தெறிப்பு. மகளைத் திசையன்விளையில் கட்டிக்கொடுத்திருக்கிறார், மாசத்துக்கு ரெண்டு தடவையாவது அங்கே போய்வருவார், அந்த மண்தான் அது.

ஏ.ஐ. படத்தை முதல் தடவை பார்க்கும்போது வாயைப் பிளக்கத்தான் தோன்றும். கருநீலம் பளபளவென்று, கண்ணாடி முழுக்கக் கறுத்து, கீழே மழை நனைத்த தார் ரோடு, அதில் வண்டியின் பிம்பம். ரெண்டாவது தடவை பார்க்கும்போது ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருப்பது தெரிகிறது. ஒடுக்கு இல்லை. வாழைக்கறை இல்லை. நம்பர் பிளேட்டில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. பானட்டின் மடிப்பு கொஞ்சம் கூர்மையாகியிருக்கிறது. சக்கரம் பெரிதாகி, வண்டி ரெண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது. யாரும் கேட்காமலே தானாகச் செய்த வேலை இதெல்லாம். 2023-இல் ஃபோட்டோஷாப்புக்குள் ஜெனரேட்டிவ் ஃபில் வந்ததிலிருந்தும், 2025-இல் கூகுளின் நானோ பனானா எல்லோர் கைக்கும் வந்ததிலிருந்தும் இந்த வகைப் படம் நம் வாட்ஸ்அப்பில் கொட்டுகிறது. முன்பு ஒரு ஆள் அரை நாள் உட்கார்ந்து செய்தது இப்போது ஒரு வாக்கியத்தில் முடிகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் குறை வேறு.

அந்த ஒடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் ஒடுக்கை நிரப்பாது. அதை எடுக்க டிங்கரிங் வேண்டும், பட்டி பூசித் தேய்க்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி. இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வெள்ளை நிறம் தகட்டின் மேடுபள்ளத்தை மறைக்கும், பளபளப்பான அடர்நிறம் அதைக் காட்டிக்கொடுக்கும். அடர்நிற வண்டி கண்ணாடி மாதிரி. எதிரே நிற்கிற கரண்ட் கம்பம் அதில் நேர்கோடாக விழ வேண்டும், தகடு நெளிந்திருந்தால் கம்பமும் நெளியும். இத்தனை வருஷம் வெள்ளையில் யார் கண்ணிலும் படாமல் இருந்த சின்னச் சின்ன நெளிவெல்லாம் கருநீலம் அடித்த மறுநாள் வெளியே வந்து நிற்கும். ஆக, எந்த இடத்தில் செலவு கூடுமோ சரியாக அதே இடத்தைத்தான் படம் அழித்திருக்கிறது.

அடுத்தது வெயில். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 பாகையில் இருக்கிறது. வருஷத்தில் ரெண்டு தடவை மத்தியானச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது, ஒன்று ஏப்ரல் 12-ஐ ஒட்டி, இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில். சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சிப் பொழுதில் கார் நிழல் காருக்கு அடியிலேயே ஒடுங்கிவிடும், பக்கத்தில் நீளாது. ஏ.ஐ. படத்தில் நிழல் ஒரு ஆள் நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கிறது, வானம் ஆரஞ்சு. அது எந்த ஊர் சாயங்காலமோ தெரியாது. கம்பெனி விளம்பரங்களிலும் கார் பத்திரிகைகளிலும் பெரும்பாலும் இந்தச் சாய்ந்த ஒளியில்தான் படமெடுப்பார்கள். வண்டியின் வளைவுகள் அதில்தான் எடுப்பாகத் தெரியும். செயலி கற்றுக்கொண்டதும் அந்தப் படங்களிலிருந்துதான் என்பது என் ஊகம். கண்ணாடி கறுத்ததற்கும் அதே காரணம்தான் இருக்க வேண்டும். உள்ளே சீட்டு, ஸ்டீயரிங், பிள்ளையார் எல்லாம் வரைவதைவிடக் கறுப்படிப்பது லேசு. ஆனால் நிஜத்தில் முன், பின் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடி 50 சதவீத வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும் என்பது விதி. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைக் கிழிக்கச் சொன்னபோது வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் போலீஸ் நின்று உரித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ரெண்டு அங்குலம் தாழ்ந்ததை நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன், அத்தான் விடவில்லை. "தாழ்ந்தா நல்லாத்தான்லா இருக்கு" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்போதைய ஸ்விஃப்டுக்குத் தரையிலிருந்து அடிப்பாகம் வரை 163 மில்லிமீட்டர், ஆள் ஏறாதபோது. அவருடைய பழைய மாடலும் கிட்டத்தட்ட அந்த வகையறாதான். ரெண்டு அங்குலம் போனால் மிச்சம் 112. இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிற வட்ட வடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படி அகலமாகப் போட்டிருந்தால் கார் அதன் மேல் படகு மாதிரி ஏறி இறங்கிவிடும். ஆனால் நம் ஊர்த் தெருக்களில் ஆளாளுக்குச் சிமென்ட் குழைத்துப் போட்டிருக்கிற குறுகிய திட்டுகளுக்கு அந்த இலக்கணம் ஏது? நாலு பேர் ஏறி, டிக்கியில் ரெண்டு தாரும் வைத்தால் சைலன்சர் தேய்ந்துவிடும். இதைச் சொன்னதும் அந்த ஆசை அடங்கியது.

ஸ்டிக்கர் கடைப் படத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது அத்தான் வண்டியே கிடையாது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் புது மாடல் ஸ்விஃப்ட் ஒன்றின் முப்பரிமாண உருவத்துக்கு நீலம் பூசித் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். நிற அட்டை என்ற அளவில் சரி. ஒரே ஒரு விஷயத்தில் அதைத் தவறு என்றே சொல்வேன்: கதவு எல்லாம் மூடியே இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டுவது வெளித் தகட்டுக்கு மட்டும். கதவைத் திறந்தால் உள்விளிம்பும் நிலையும் பழைய வெள்ளையாகவே நிற்கும். கருநீலத்துக்குள் அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும், மாப்பிள்ளையின் புதுச் சட்டைக்குள் பழைய பனியன் மாதிரி. கதவு திறந்த ஒரு படத்தையும் சேர்த்துக் காட்டுகிற கடைதான் நாணயமான கடை.

இப்போது மூன்றாவது படம். ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணும் தம்பி. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க முகங்களை வெட்டி ஒட்டுகிறவர். அத்தானுடைய காரைச் செய்யச் சொன்னபோது முதலில் கேட்ட கேள்வி, "ஒடுக்க வைக்கவா எடுக்கவா அண்ணாச்சி?" என்பதாம். மற்ற ரெண்டு படமும் கேட்காத கேள்வி. வைக்கச் சொல்லியிருக்கிறார் அத்தான். அதற்காகவே அவரையும் பாராட்ட வேண்டும்.

எப்படிச் செய்தார் என்று நேரில் போய்ப் பார்த்தேன். பென் டூலால் தகட்டை மட்டும் வெட்டி மாஸ்க் போட்டு, மேலே நீல லேயர், மல்டிப்ளை. வெள்ளை வண்டியில் இது சுலபம், நிழல் இருக்கிற இடம் நிழலாகவே இருந்து நிறம் மட்டும் ஏறும். ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. அது தெரிந்த யாரும் பத்து நிமிஷத்தில் செய்யக்கூடிய வேலை இது. முக்கால்வாசிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் வண்டி பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். ஏன் என்பதுதான் இந்தக் கலையின் மொத்தக் கதையும்.

காரின் மேல் படும் ஒளி ரெண்டு விதமாகத் திரும்பி வருகிறது. ஒரு பகுதி பெயின்டுக்குள் போய், நிறமிகளில் சிதறி, அந்த நிறத்தை வாங்கிக்கொண்டு வருகிறது. இன்னொரு பகுதி மேலே இருக்கும் கிளியர் கோட்டிலேயே பட்டுத் தெறித்துவிடுகிறது. அதற்குப் பெயின்டின் நிறம் ஒட்டாது. சூரியன் வெள்ளையென்றால் வெள்ளை, வானம் நீலமென்றால் நீலம், வாழை பச்சையென்றால் பச்சை. 1985-இல் ஸ்டீவன் ஷேஃபர் என்ற கணினி ஆய்வாளர் இந்த ரெண்டையும் படத்திலிருந்து பிரித்தெடுப்பதைப் பற்றி எழுதிய கட்டுரை கணினிப் பார்வைத் துறையில் இன்றும் பாடம். மல்டிப்ளை போட்டால் ரெண்டுக்குமே நீலம் ஏறிவிடுகிறது. பானட்டில் சூரியன் பட்ட புள்ளிகூட நீலமாகிறது. கண் உடனே "இது பொய்" என்கிறது, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

இந்தத் தம்பி அந்த வெள்ளைப் புள்ளிகளைத் தனியாகப் பிரித்து மறுபடி மேலே வைத்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. நேராகப் பார்க்கும்போது கிளியர் கோட் தெறிக்கும் ஒளி ஏறக்குறைய 4 சதவீதம்தான், சாய்த்துப் பார்க்கப் பார்க்கக் கூடும். வெள்ளை வண்டியில் பெயின்ட் திருப்பித் தரும் ஒளி அவ்வளவு அதிகம் என்பதால் இந்த 4 சதவீதம் அதில் மூழ்கிவிடுகிறது. அடர்ந்த கருநீலத்தில் பெயின்ட் தருவதே கொஞ்சம், ஆகவே நம் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி எதிரே இருக்கும் ஊர்தான்: தென்னை, மதில், வானம், போட்டோ எடுக்கிற ஆள். வெள்ளையைக் கருநீலமாக்குவது என்றால் முன்பு கண்ணில் படாமல் இருந்த ஊரைப் புதிதாக வரைய வேண்டும். அந்த ஊரை எங்கிருந்து எடுப்பது?

தம்பி எடுத்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே போட்டோவில் கார் ஜன்னல் கண்ணாடி இருக்கிறதே! அதுவும் இருட்டுக்கு மேல் ஒரு வழவழப்பான பரப்புதான். கருநீலத் தகட்டில் என்ன விழுமோ அது கண்ணாடியில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. அதைப் பார்த்து, தென்னங்கீற்றைக் கொஞ்சம் இழுத்துக் கதவில் மங்கலாகப் படியவிட்டிருக்கிறார். கதவின் கீழ்ப்பாதியில் வாழைத்தோப்பின் பச்சையையும் மண்ணின் பழுப்பையும் லேசாக. ஒடுக்கு இருக்கும் இடத்தில் கீற்றை வளைத்திருக்கிறார். அந்த ஒரு வளைவு போதும். அத்தான் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அசிங்கமாவா தெரியும்?" என்றார். ஆமாம், அவ்வளவு அசிங்கமாகத்தான் தெரியும். முன்கூட்டியே காட்டும் படத்தின் வேலையே அந்தக் கேள்வியை வரவழைப்பதுதான் என்று நினைக்கிறேன்.

குறையும் உண்டு. அலாய் சக்கரம் சரியாக வரவில்லை. இணையத்தில் எடுத்த ஒரு நேர்ப் படத்தை நசுக்கி வைத்திருக்கிறார். கார் சாய்வாக நிற்கும்போது சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும், அந்த நீள்வட்டம் சாயும் திசை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கொஞ்சம் மாறும். இவர் ரெண்டுக்கும் ஒரே படத்தை வைத்துவிட்டார். போதாததற்கு, கம்பிகளுக்கு நடுவே பின்னாலும் டிஸ்க் தெரிகிறது. அத்தான் வண்டியில் பின்னால் டிரம் பிரேக். விளிம்பு பெரிதானால் டயரின் பக்கச் சுவர் ஒல்லியாக வேண்டும், மொத்த விட்டம் மாறக்கூடாது, இல்லையென்றால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். இவர் டயரைத் தொடாமல் விளிம்பை மட்டும் பெரிதாக்கியதில் சக்கரம் மட்கார்டுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. சொன்னதும் ஒப்புக்கொண்டார். "பேனர்ல யாருண்ணே சக்கரத்தப் பாக்கா" என்றார். அதுவும் சரிதான்.

எந்தத் தம்பியாலும் ஒரே போட்டோவில் காட்ட முடியாத ஒன்று மெட்டாலிக் பெயின்ட். அதில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள் நேரே பார்த்தால் வெளுத்தும், சாய்த்துப் பார்த்தால் கறுத்தும் நிறத்தை மாற்றிக் காட்டும். நடந்து சுற்றி வந்தால்தான் அந்த நிறம் என்னவென்று தெரியும். ஸ்கிரீனில் ஒரு நீலத்தை வைத்து "இது மெட்டாலிக்" என்று யாராவது சொன்னால் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு நடுவில் செயலி இன்னொரு யோசனையும் தந்திருந்தது: மங்கலான ஆலிவ் பச்சை, ராணுவ ஜீப் மாதிரி. அத்தான் மகனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்கிறது. செயலிக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் கருநீலத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் என்று ஒரு பதிவு உண்டு. மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லித் திருத்த வேண்டும். வண்டியின் அமைப்பையே மாற்றுவதென்றால் இன்னும் கெடுபிடி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கித் தீர்ப்புச் சொன்னது. 2017 டிசம்பரிலேயே முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் காப்புக்கு மத்திய அரசு தடை போட்டாகிவிட்டது. ஆனாலும் "ஜீப் மாதிரி ஆக்கு" என்று சொன்னால் செயலி முதலில் மாட்டுவது அதைத்தான்.

கடைசியாகத் தம்பியிடம் நானே ஒரு படம் கேட்டேன். "இதே வண்டி, ஆறு மாசம் கழிச்சு, திசையன்விளை போய்ட்டு வந்த மறுநாள்." சிரித்தார். முதலில் விளையாட்டு என்று நினைத்துவிட்டார். பிறகு உட்கார்ந்து செய்தார், அசல் போட்டோவில் இருந்த செம்மண் தெறிப்பையே எடுத்து. வெள்ளையில் அது கதவின் கீழ் ஓரத்தில் ஒரு கறையாகத்தான் இருந்தது. கருநீலத்தில் வண்டியின் இடுப்பு வரை புழுதி ஏறியது போல் ஆகிவிட்டது. பானட்டில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகளும் வைத்தார். உப்புத் தண்ணி போர்வெல்லில் கழுவி வெயிலில் காயவிட்டால் வருமே, அது. ஆனி ஆடிக் காற்றில் கயத்தாறு பக்கமோ பணகுடி பக்கமோ வண்டி ஓட்டினவர்களுக்குப் புழுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்த எந்த மாதிரிப் படத்திலும் புழுதி இருந்ததில்லை. எல்லாமே ஷோரூமை விட்டு இறங்கிய முதல் நிமிஷத்தின் படம். அத்தான் அந்த வண்டியோடு இன்னும் பத்து வருஷம் இருக்கப் போகிறார்.

நாலாவது படத்தை அத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வெள்ளையே இருக்கட்டும், தொடைக்கதாவது மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அத்தானுக்கு இன்னும் நீல ஆசை போகவில்லை, ஆனால் கருநீலத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார், சாம்பல் கலந்த நீலம் வரை. அதில் புழுதி அவ்வளவு அடிக்காது, நெளிவும் அவ்வளவு கத்தாது. ஒடுக்கை எப்படியும் எடுப்பது என்று முடிவாகிவிட்டது.

தன் வண்டியை இப்படிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போட்டோவை உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு முன், அல்லது ஒரு பெரிய மருத மரத்து நிழலில், வானம் திறந்திருக்கிற பக்கமாக வண்டியை நிறுத்தி எடுங்கள். அந்த ஒளியில் மேடுபள்ளமும் தெரியும், திருத்துகிறவருக்குப் பிரித்தெடுக்க வசதியாகவும் இருக்கும். கழுவாமல் ஒன்று, கழுவி ஒன்று. கதவு திறந்து ஒன்று.

பேட்டையில் பெயின்ட் அடிக்கிற ஒரு பெரியவரிடம் அத்தானை அழைத்துப் போனேன். எங்கள் நாலு படத்தையும் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு உள்ளே போய், நீலத்தில் மூன்று சாயல் அடித்துக் கிளியர் கோட்டும் போட்ட தகட்டுத் துண்டுகளை எடுத்து வந்தார். ஒவ்வொன்றாகக் கார் கதவின் மேல் வைத்து, வெயிலில் ஒரு தடவை, ஷெட்டு நிழலில் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். போன் ஸ்கிரீனில் சாம்பல் நீலமாக இருந்தது வெயிலில் அடுப்புச் சாம்பலாகவே வெளுத்துப் போனது. நடுச் சாயல் துண்டை அத்தான் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது அது வாசல் திண்ணையில் கிடக்கிறது, ஆடிக் காற்று வீசட்டும் என்று.